பிரேக்குக்குக் காற்றெடுத்தவள்

புளியந்தீவில், பாலத்தடிக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் இமெல்டாவின் சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் நான்கு தகரம், ஒரு மேசை, பங்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டி, கயிற்றில் தொங்கும் பழைய ரயர்கள். அது 2007ஆம் ஆண்டு பங்குனி மாதம். நகரத்திலிருந்து வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஆமிக்காரர் பீரங்கிச் செல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தகரம் அதிரும். கொக்கியில் மாட்டியிருந்த சாவிகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுங்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் அவள் வேலை செய்தாள்.

கடை அவளுடைய புருஷன் பிலிப்புவினுடையது. 1990இல் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பின்போது அவனைக் கடை வாசலிலேயே வைத்துச் சுட்டார்கள். யாருடையதோ ரியூப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் பம்பைப் பிடித்தபடியே சரிந்தான். பின்னேரம் வரை உடலை எடுக்க விடவில்லை. எட்டடி தூரத்தில், ஈ விரட்டக்கூட அனுமதி இல்லாமல், வெய்யிலில் நின்றாள் இமெல்டா. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் கடையைத் திறந்தாள். பெண்பிள்ளை சைக்கிள் திருத்துவதாவது என்று சொந்தக்காரர் வந்து பேசினார்கள்.

"திருத்தின ஆம்பிளயச் சுட்டுப்போட்டானுகள். இனி நான் திருத்துறன்" என்றாள்.

கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். ஒருமுறை ஆயுதக்குழுப் பையன் ஒருவன் திருத்த வந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு போகப் பார்த்தபோது, ஸ்பனரால் அவன் மணிக்கட்டில் போட்டாள். அதற்கு அவர்கள் மறுநாள் வந்து கடையைக் கொளுத்தினார்கள். அவள் புதுத்தகரம் வாங்கிப் போட்டாள்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் காலை நல்லரத்தினம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். முப்பது வயதுக்காரன். ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை. இடம்பெயர்ந்து வந்த சனம் தங்கியிருந்த முகாம்களுக்குப் பிள்ளைகளின் வயிற்றோட்ட மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவன். நிறுவனத்தின் வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன சைக்கிளைத்தான் ஓடிக்கொண்டிருந்தான். அன்று அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அக்கா, இந்தப் பிரேக்கப் பாருங்க. புடிக்குதில்ல."

"என்னடா தம்பி நடந்தது?"

"ஆமிட சென்றில, அந்தக் காவல் தடையில, நிக்கச்சொல்லிக் கையக் காட்டினான். ரெண்டு பிரேக்கயும் புடிச்சன். லீவர் ஹாண்டில்ல போய் முட்டுது, சைக்கிள் நிக்குதில்ல. தடியத் தாண்டிப் போயிட்டன். வெடி வெச்சிட்டான்."

பின்னால் கட்டியிருந்த மருந்துப் பெட்டியைக் காட்டினான். ஒரு பக்கத்தால் துவக்கு ரவை உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியே வந்திருந்தது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் கிழிந்து பெட்டி முழுக்க வெள்ளைத் தூள். துளைக்கும் அவன் முதுகுக்கும் ஒரு சாண் இடைவெளி.

"ரெண்டாம் வெடிக்கு முதல் விழுந்து படுத்திட்டன். வந்து தலையில மிதிச்சான். அடையாள அட்டை ஐசியப் பாத்திட்டு விட்டவன்."

அந்த நாட்களில் ஒருவன் சாவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காத சைக்கிள் போதும்.

இமெல்டா குந்தியிருந்து பார்த்தாள். அவள் பதினேழு வருஷமாகப் பார்த்த பிரேக்குகளில் எல்லாம் கம்பி ஓடும். இதில் கறுப்புக் குழாய் ஓடியது. சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத்தகடு. அதை இரண்டு பக்கமும் கவ்வும் ஒரு பிடி. குழாய்க்குள் ஒயில். லீவரை அமத்தினால் ஒயில் தள்ளும், பிடி கவ்வும். மோட்டார் சைக்கிளில் இதைக் கண்டிருக்கிறாள். பிடியின் காற்றெடுக்கும் நிப்பிள் ஓரம் ஈரமாக இருந்தது.

"இதில ஆர் கை வெச்ச?"

"முகாமில ஒருத்தர் இறுக்கித் தாறன் எண்டு திருகினவர்."

"இறுக்கல்ல, இளக்கியிருக்கார். ஒயில் போய்க் காத்துப் பூந்திட்டு. பின்னுக்கும் ஒயில் செத்துப்போச்சு. இத வெச்சிட்டு நடந்து போ, பின்னேரம் வா. நான் சொல்லும்மட்டும் இதில ஏறப்படாது."

மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயில் டின் ஒன்று மேசைக்குக் கீழேயே இருந்தது. திறக்கவும் போனாள். பிறகு லீவரின் மூடியில் சின்னதாக ஏதோ எழுதியிருப்பதைக் கண்டு நல்லரத்தினத்தை வாசிக்கச் சொன்னாள். மினரல் ஒயில் மட்டும் என்று எழுதியிருப்பதாக அவன் சொன்னான். தெரியாத ஒன்றை ஊற்றி இந்தப் பையனைச் சென்றிக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. டின்னை மூடி வைத்துவிட்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினாள்.

ஏறாவூரில் அசனார் வாகனத் திருத்தகம் வைத்திருந்தான். அவளுடைய வயதுதான், ஆனாலும் முஸ்லிம் ஆண்களை மரியாதையாக அழைப்பதுபோல 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள். லொறி, டிரக்டர், வாகனம் தூக்கும் ஜக்கி எல்லாம் அவன் கைக்குள். பிலிப்பு செத்த அதே ஆவணியில் அசனாரின் வாப்பாவையும் தம்பியையும் தமிழ் ஆயுதக்காரர்கள் வீட்டுக்குள் வந்து வெட்டினார்கள். அவளுடைய ஆளைக் கொன்றவர்கள் ஒரு பக்கம், அவனுடைய ஆட்களைக் கொன்றவர்கள் மறுபக்கம். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. சாமான் வாங்க, ஆலோசனை கேட்க அவள் வருவாள். அவன் மறைக்காமல் சொல்லுவான்.

"மோட்டார் சைக்கிள் ஒயில ஊத்தினா என்ன, காக்கா?"

அசனார் கைத்துணியைத் தோளில் போட்டான். "உள்ளுக்கு இரிக்கிற றப்பர் ஊதிரும். முதல் நாள் நல்லாப் பிடிக்கும். ஒரு கிழமையில இறுகும், இல்லாட்டிக் கைவிட்டிரும். இஞ்ச ஒருத்தன் ஜக்கிக்கு பிரேக் ஒயில் ஊத்தினான். லொறியத் தூக்கிட்டுக் கீழ படுத்தான். றப்பர் விட்டிட்டு. நெஞ்சுக்கூடு தட்டையாப் போயிட்டு. நான்தான் இழுத்தெடுத்த. அந்தச் சத்தம் இன்னும் காதில கிடக்கு."

மினரல் ஒயில் கடையில் கிடைக்காது. ஜக்கி ஒயில் அவனிடம் இருந்தது, தடிப்பு, ஊத்தை. பிறகு அசனாரின் மனைவி ஜெமீலா உள்ளேயிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தாள். மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுக்கும் லிக்விட் பரபின். தண்ணீர் மாதிரித் தெளிவு. "இதுவும் அந்தச் சாதி ஒயில்தான். றப்பர ஒண்டும் செய்யாது" என்றான் அசனார்.

அடுத்தது, சிறிஞ்சால் ஒயிலைக் கீழிருந்து தள்ளிக் காற்றை வெளியேற்ற ஒரு குழாய். அவன் மூன்று கொண்டுவந்து போட்டான். பெற்றோல் குழாய் உறுதியானது, ஆனால் கறுப்பு. உள்ளே காற்றுக்குமிழி போவது தெரியாது. சேலைன் குழாயில் எல்லாம் தெரிந்தது, ஆனால் அமத்தித் தள்ளினால் நிப்பிளிலிருந்து கழரும். கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் மெல்லிய குழாய் தெளிவாகவும் இருந்தது, கவ்வியும் பிடித்தது. அதில் ஒரு முழம் வெட்டி எடுத்தாள்.

சிறிஞ்ச் இரண்டு இருந்தன. ஒன்று பிளாஸ்ரிக். மற்றது மாட்டு வைத்தியர் விட்டுப்போன பெரிய கண்ணாடிச் சிறிஞ்ச். இரண்டிலும் தண்ணீர் இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். பிளாஸ்ரிக்கின் றப்பர் ஒட்டி ஒட்டி விக்கியது. அப்படி விக்கினால் காற்றையும் இழுக்கும். கண்ணாடியின் தண்டு நெய்யில் வழுக்குவதுபோல் இறங்கியது.

"இது தள்ளுறதுக்கு. அது மேல வழியிறத உறிஞ்ச" என்றாள்.

"ரெண்டயும் கொண்டு போங்க. ஊசிய மட்டும் இஞ்ச போட்டிட்டுப் போங்க. வழியில செக் பண்ணுவானுகள்."

ஊசிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றதெல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பகல் பஸ்சில் ஏறினாள்.

பஸ் நகரத்தை அண்டும்போது முன்னால் நிலம் தூக்கிப்போட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. வீதியோரம் வைத்த கிளைமோர்க் குண்டு ஒன்று ஆமி டிரக்டரைப் பிடித்திருந்தது. பஸ்சின் கண்ணாடிகள் உதிர்ந்து மடியில் கொட்டின. தலையைத் தூக்கியவளுக்கு முதலில் தெரிந்தது பனைமரத்தில் ஒட்டியிருந்த சீருடைத் துண்டு. வீதி நடுவே ஒரு சிப்பாய் எழும்பி உட்கார முயன்றுகொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு எழும்ப ஒன்றும் இல்லை. இன்னொருவன் தன் கையைத் தேடி வடிகானுக்குள் இறங்கினான்.

பிறகு வெடிகள். நின்ற சிப்பாய்கள் நாலாபக்கமும் சுட்டார்கள். வேலிக்கு அருகே மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் மாட்டோடு விழுந்தார். பஸ்சிலிருந்தவர்களை மயிரில் பிடித்து இறக்கி முழங்காலில் இருத்தினார்கள். ஐசிகளைப் பறித்துக்கொண்டு பைகளைக் கொட்டினார்கள்.

இமெல்டாவின் துணிச்சுற்றிலிருந்து இரண்டு சிறிஞ்சும் குழாயும் மருந்துப் போத்தலும் விழுந்ததும் ஒரு கோப்ரல் கத்தினான். முகத்தில் வேறு யாருடையதோ இரத்தம் காயாமல் இருந்தவன்.

"யாருக்குக் கொண்டு போறது? காயக்காரன் எங்க? கொட்டியா, புலி எங்க?"

"சைக்கிள் பிரேக்குக்கு ஐயா."

சப்பாத்து வாயில் விழுந்தது. பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. கண்ணாடிச் சிறிஞ்சை அவன் வீதியில் வைத்து மிதித்தான், நொறுங்கியது. சைக்கிள் பிரேக்குக்கு சிறிஞ்சா என்று மற்றவன் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் கோப்ரலை இன்னும் கிளப்பிவிட்டது. அவளுடைய வலது கையை வீதியோரக் காவலரணின் மண்மூட்டைமேல் இழுத்து வைத்துத் துவக்குப் பிடியால் குத்தினான். நடுவிரலும் மோதிரவிரலும் முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"யார் சைக்கிள்? பேர் சொல்லு."

நல்லரத்தினத்தின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அடி நிற்கும். ஆனால் இந்த இடத்தில் சொல்லப்பட்ட பெயர்கள் ஒரு கடதாசியில் ஏறும். அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளை வான் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஒழுங்கையில் மூன்று வீட்டில் அப்படி நடந்திருந்தது.

"நிறுவனத்துச் சைக்கிள். வெள்ளைக்காரர் விட்டிட்டுப் போனது."

"ஓட்டுறது யார்?"

"கந்தோர்ச் சைக்கிள். எல்லாரும் ஓடுற."

இன்னொரு முறை குத்தினான். அவள் அதையே சொன்னாள். மூன்றாம் முறை துவக்கைத் திருப்பி நெற்றியில் வைத்தபோது, தள்ளி நின்ற அவர்களுடைய அதிகாரி, ஒரு லெப்ரினன், வந்து போத்தலை எடுத்து மணந்து பார்த்தான். இளம்பிராயம். தமிழ் கொஞ்சம் ஒழுங்காகப் பேசினான்.

"சைக்கிள் எங்கே இருக்கிறது?"

"கடையில."

"செய்து காட்டு. பிரேக் பிடித்தால் நீ சொன்னது உண்மை. பிடிக்காவிட்டால் திரும்ப இங்கே கொண்டுவந்து, என் ஆட்கள் செத்த இடத்தில் உன்னையும் போடுவேன்."

ஜீப்பின் தரையில் அவளைக் கிடத்தி, மிஞ்சிய சாமான்களோடு கொண்டுபோனார்கள். ஒழுங்கை முழுக்கக் கதவுகள் சாத்தப்பட்டன. பக்கத்துத் தையல்கடை பீற்றிஸ் மட்டும் வாசலில் நின்றாள். நல்லரத்தினம் பின்னேரம் சைக்கிள் எடுக்க வருவான் என்பது இருவருக்கும் தெரியும். இமெல்டா இறங்கும்போது இரத்தத்தைத் துப்புவதுபோலக் குனிந்து, "சந்தியில போய் நில்லு. அவன வர விடாத" என்றாள். பீற்றிஸ் தைத்த சட்டை ஒன்றை மடித்துக்கொண்டு, யாருக்கோ கொடுக்கப் போவதுபோல நடந்தாள்.

சைக்கிள் ஸ்ராண்டில் நின்றது. இமெல்டாவுக்கு வலது கை வீங்கிச் சுரைக்காயாகியிருந்தது. நல்ல சிறிஞ்ச் வீதியில் பொடியாகக் கிடந்தது. மிஞ்சியது விக்கும் பிளாஸ்ரிக். அதன் தண்டை இழுத்தெடுத்து, றப்பரில் அந்தப் பரபின் ஒயிலையே பூசித் தேய்த்தாள். இடது கையால் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள். கொஞ்சம் இளகியது.

முன்பிரேக்கில் தகட்டைக் கவ்வும் கட்டைகளைக் கழற்றித் தூரமாக வைத்தாள். ஒயில் பட்டால் அவை பிடிக்காது. அந்த இடத்தில் ஒரு பலகைத்துண்டைச் செருகினாள். லீவரின் மூடியைத் திறந்தாள். குழாயை நிப்பிளில் மாட்டிச் சின்னக் கம்பியால் கட்டப் பார்த்தாள். ஒரு கையால் ஏலவில்லை. பல்லால் கம்பியை இழுத்தாள். உடைந்த பல்லின் வேர் மின்சாரம் அடித்ததுபோல் வலித்தது.

"எனக்கு ஒரு கை வேணும்" என்றாள்.

லெப்ரினன் கோப்ரலைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு லீவருக்கு அருகே வந்தான். அவனுடைய மூச்சு அவள் காதில் பட்டது. நிப்பிளைக் கால்திருப்பம் இளக்கி, சிறிஞ்சை மெதுவாக அமத்தினாள். ஒயில் கீழிருந்து மேலே ஏறியது. லீவரின் கிண்ணத்தில் ஊத்தை ஒயில் நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு பெரிய குமிழி, அதன்பின் சரமாகச் சின்னக் குமிழிகள். சிறிஞ்ச் விக்கியது. அவள் நிறுத்தி, ஸ்குறூ டிரைவர் பிடியால் குழாயைத் தட்டித் தட்டி, ஒட்டியிருந்த காற்றை மேலே ஓட்டினாள். மேலே வழிந்ததைப் பழந்துணியால் ஒற்றினாள்.

நிப்பிளை இறுக்கினாள். "இப்ப அமத்து."

கோப்ரல் அமத்தினான். லீவர் பாதிவரை போனது.

"அப்படியே பிடி. விடாத." நிப்பிளை இளக்கினாள், ஒரு குமிழி வெளியே வந்தது. இறுக்கினாள். "இப்ப விடு. திரும்ப அமத்து. விடாத எண்டு சொன்னன்."

அந்தக் கடைசிச் சொல் அவளையறியாமல் அதட்டலாகத்தான் வந்தது. பின்னால் நின்ற சிப்பாய் துவக்கை அசைத்தான். கோப்ரல் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து முறை, பதினைந்து முறை. வாவிக்கு அப்பால் செல் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவளுடைய முறிந்த விரல்கள் தனியாகத் துடித்தன. இருபதாம் முறை குழாயில் குமிழி வரவில்லை. கோப்ரலின் விரலுக்கு அடியில் லீவர் கல்லுப்போல நின்றது. அவன் இன்னும் ஒருமுறை அமத்திப் பார்த்தான். அதற்கு யாரும் சொல்லவில்லை.

கட்டைகளைப் பூட்டிக் கொடுத்ததும் லெப்ரினனே சைக்கிளில் ஏறினான். ஒழுங்கையின் மறுமுனைவரை வேகமாகப் போய்ப் பிரேக்கைப் பிடித்தான். பின்சக்கரம் நிலத்தை விட்டெழும்பி விழுந்தது. திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினான். அவளுடைய ஐசியை நிலத்தில் போட்டான். ஜீப் போனது.

ஐசியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தாள். பீற்றிஸ் ஓடிவந்து தூக்கினாள்.

"அவன நிப்பாட்டிட்டியா, பீற்றிஸ்?"

"கோயிலுக்குள்ள இரிக்கான். நீ பேசாத, வாயெல்லாம் ரெத்தம்."

ஆஸ்பத்திரியில் கையை மட்டை வைத்துக் கட்டினார்கள். அன்றைக்குக் காயக்காரர் கூட்டம். மாட்டோடு விழுந்த மனிதர் அவளுக்கு அடுத்த வாங்குப் பலகையில் கிடந்து, டாக்குத்தர் வருமுன்பே அடங்கிவிட்டார். விரல்கள் கோணலாகத்தான் பொருந்தின. நல்லரத்தினம் வந்து கட்டிலருகே நின்று அழுதான்.

"என்ட பேரச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா இஞ்ச வந்து அழ நீ இருந்திருக்க மாட்டாய். பின்பிரேக்குக்கு இன்னும் செய்யல்ல. மெதுவாப் போ."

இரண்டு நாள் கழித்து அவன் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். சென்றியில் கைகாட்டியதும் தடிக்கு மூன்றடி முன்னால் சைக்கிள் நின்றது. அவன் இறங்கி ஐசியைக் காட்டினான். சிப்பாய் பெட்டியின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அந்த வருஷம் முகாம்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்வரை அவன் அந்தச் சைக்கிளில்தான் ஓடினான்.

இமெல்டா இடது கையால் வேலை பழகினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு பகல், கடை வாசலில் நிழல் விழுந்தது. அதே கோப்ரல். துவக்கு தோளில், கையில் காற்றுப் போன சைக்கிள். தனியாக வந்திருந்தான்.

"பங்சர்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழும்பவில்லை. கோணல் விரல்கள் இருந்த கையை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"ஏலாது."

"என்ன?"

"உனக்குச் செய்ய ஏலாது. வேற கடையப் பார்."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். துவக்கு வாரில் அவனுடைய பெருவிரல் மேலும் கீழும் போனது. அவள் பார்வையை எடுக்கவில்லை. பிலிப்பு விழுந்த இடத்தில்தான் அவன் நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. திடீரென்று அவன் காலைத் தூக்கி, வரிசையாக நின்ற ஏழு சைக்கிள்களை உதைத்தான். ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. தண்ணீர்ச் சட்டி உருண்டு வீதிக்கு ஓடியது. அவன் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

தையல் மெசின் நின்றது. பீற்றிஸ் வந்து பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். இருவரும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். ஒன்றின் ஹாண்டில் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. இமெல்டா அதன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஹாண்டிலை நேராக்கத் தொடங்கினாள்.